வளையத்தின் வாயில் ஒரு வெள்ளிக்கோடு

ஏப்ரல் 9, வியாழன்

சென்னியப்பன் மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. ஒரு கையில் மாம்பழப் பை, இன்னொரு கையில் கோப்பு. பழம் அம்மாவுக்கு, கோப்பு எனக்கு.

காங்கேயம் சாலையில் அவர் கட்டிய கல்யாண மண்டபம் முடிந்துவிட்டது. அங்கே நடக்கப்போகும் முதல் கல்யாணம் என் தம்பி புவனேந்திரனுடையது, ஜூன் நான்காம் தேதி. மணவறைக்கு மேலே மாமா ஒரு கண்ணாடித் தாமரையைத் தொங்கவிட்டிருக்கிறார். அறுநூறு கிலோ. இரும்புச் சங்கிலி கண்ணில் பட்டால் அழகு கெட்டுவிடும் என்று, கண்ணாடி போலத் தெளிவான பதினாறு பிளாஸ்டிக் கம்பிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். கீழே நின்று பார்த்தால் தாமரை காற்றில் மிதக்குமாம். பெங்களூர் அலங்காரக்காரர் ஒருவரின் யோசனை. கம்பியில் துளை போட்டால் விரிசல் விடும் என்பதால், மேல்முனையை ஓர் எஃகு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கம்பிக்குள் ஆணி இல்லை, திருகு இல்லை. அந்தப் பிடி ஒன்றுதான்.

மண்டபத்தைத் திறக்க ஒரு சோதனைக்கூடத்தின் சான்று வேண்டும். எங்கள் கல்லூரியின் சோதனைக்கூடத்துக்கு நான்தான் பொறுப்பு.

"ஒரு கையெழுத்துத்தான அம்மிணி. அவிங்களே எல்லாஞ் சோதிச்சு எழுதியிருக்கறாங்க. பார்த்துட்டுப் போட்டுக் குடுத்தரு."

பார்த்தேன். கம்பி செய்தவர்களின் அறிக்கை. ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டு, ஆறு வாரத்தில் அது எவ்வளவு நீண்டது என்று அளந்திருக்கிறார்கள். நல்லது. இன்னொரு துண்டை இயந்திரத்தில் ஒரு நிமிடம் இழுத்து, பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்கியது என்று அளந்திருக்கிறார்கள். அதுவும் நல்லது. பிறகு அந்த ஒரு நிமிடத்து ஒடுக்கக் கணக்கை இந்த ஆறு வாரத்து நீளத்தின் மேல் ஏற்றி, வளையத்தின் பிடி என்றும் தளராது என்று முடித்துவிட்டார்கள்.

போன தீபாவளிக்கு எங்கள் தெரு டெய்லர் இதைத்தான் செய்தார். என் அளவு ஜாக்கெட்டைத் தொலைத்துவிட்டு, கைக்கு ஒருத்தியின் அளவும் மார்புக்கு இன்னொருத்தியின் அளவும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவராவது கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"நானே சோதிச்சுப் பார்த்துட்டுத்தானுங் மாமா போட முடியும்."

"சோதி, சோதி. ஆரு வேண்டாங்கறா? திங்கக்கெழமை வந்து வாங்கிக்கறேன்."

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஏப்ரல் 13, திங்கள்

மாமா காலையிலேயே போன் செய்தார். இன்னும் கம்பியைத் தொங்கவிடவே இல்லை என்றேன். ஐந்து நாளாக என்ன செய்தாய் என்றார். விடைத்தாள் திருத்தினேன் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. சொன்னேன். புரியவில்லை.

அம்மா என்ன விஷயம் என்று கேட்டாள். ஜவ்வு மிட்டாயை வைத்து விளக்கினேன். எதை இழுத்தாலும் நீளும், நீண்டால் இடுப்பு ஒடுங்கும். இரும்பு என்றால் நீளுவதையும் ஒடுங்குவதையும் உடனே முடித்துக்கொண்டு சும்மா இருக்கும். இந்த மாதிரி பிளாஸ்டிக் அப்படி இல்லை. எடை தொங்கும் வரைக்கும் நாளுக்குக் கொஞ்சம் நீண்டுகொண்டே போகும், ஒடுங்கிக்கொண்டே போகும். இரண்டும் ஒரே வேகத்தில் போவதும் இல்லை. நீளம் முன்னால் கிளம்பிவிடுகிறது. ஒடுக்கம் பின்தங்கிக் கிளம்பி, பிறகு விட்டதையும் சேர்த்துப் பிடிக்கிறது. முதல் நிமிடத்தில் நூறு பங்கு நீண்டதற்கு முப்பத்தைந்து பங்கு ஒடுங்கினால், இரண்டு மாதம் கழித்து நூறுக்கு நாற்பதோ நாற்பத்தைந்தோ ஆகலாம். அந்த எண் நிலையானது என்று நினைப்பதுதான் தவறு.

"அப்ப ஜவ்வு முட்டாய்ல தாமரையத் தொங்கவுட்டிருக்கறான்னு சொல்லு" என்றாள் அம்மா.

மாமாவைவிட அம்மா தேவலை. "ஆனா அவன் மனசு நோகாம சொல்லு" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் 15, புதன்

நேற்று சித்திரை ஒன்று, விடுமுறை. இன்று தொங்கவிட்டோம்.

வெப்ப அறை நாற்பது டிகிரி. மண்டபத்தில் விசேஷம் இல்லாத நாளில் மாமா ஏசி போடமாட்டார், கூரைக்கடியில் அவ்வளவு சூடு இருக்கும். மாமா கொடுத்த கம்பி, மாமா கொடுத்த வளையம். ஒரு கம்பிக்கு வரும் எடை முப்பத்தெட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூலையில் கிடந்த சோதனைக் காங்கிரீட் கட்டைகளில் ஐந்தை எடுத்துத் தொட்டிலில் அடுக்கினோம், இடுப்பு உயரத்தில். நாற்பது கிலோ.

அகலத்தைக் கருவி வைத்துத் தொட்டு அளந்தால் கம்பி நசுங்கும். அதனால் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் நிழலை அளக்கும் கருவி. அதை இயற்பியல் துறையிலிருந்து இரவல் வாங்க மூன்று பேரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

என்னோடு வேலை செய்யும் ரெஜினா நாகர்கோவில்காரி. வியர்த்துக் கொட்டியது அவளுக்கு.

"ஏ கோகிலா, கம்பிக்குச் சூடு வேணும் செரி. நமக்கு எதுக்கு?"

"கதவைத் தொறந்தா சூடு போயிரும் ரெஜி."

"உனக்க மாமா கல்யாணத்துக்கு என்ன விளிப்பாரா? விளிச்சாருன்னா நான் பந்தியிலதான் இருப்பேன். அந்தத் தாமரைக்குக் கீழ வரமாட்டேன் கேட்டியா."

வளையம் கம்பியை இறுக்கும் அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். இரண்டு தலைமுடிக் கனம். அறுநூறு கிலோ தாமரை இரண்டு தலைமுடியில் நிற்கிறது. எடை ஏற்றிய முதல் நிமிடத்திலேயே ஒரு முடி போய்விட்டது. அறிக்கைப்படி, மிச்சமிருக்கும் ஒரு முடியில் பாதியாவது என்றும் போகாமல் பிடித்திருக்கும்.

ஏப்ரல் 20, திங்கள்

அளவுகளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஒரு நாள் நூறுக்கு முப்பத்தொன்று. மறுநாள் நாற்பத்தேழு. அடுத்த நாள் முப்பத்தாறு. கருவியைக் குறை சொன்னேன். கரண்டைக் குறை சொன்னேன். காவலாளி கதவைத் திறந்து உள்ளே சட்டை காயப்போட்டிருந்தார்; அவரை நிஜமாகவே திட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது. ரெஜினா காலையில் வந்ததும் நீளத்தை அளந்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறாள். நான் வகுப்புகள் முடிந்து மதியத்துக்கு மேல் வந்து அகலத்தை அளக்கிறேன். இடையில் கம்பி நமக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்? காலையில் பார்த்த நீளத்தால் மாலையில் பார்த்த அகலத்தை வகுத்திருக்கிறோம்.

"அப்போ நாமளும் டெய்லருதான்" என்றாள் ரெஜினா.

சிரிப்பு வரவில்லை எனக்கு.

இந்தக் கம்பியைத் திருப்பி உபயோகிக்க முடியாது. ஒருமுறை இழுபட்டதை அது எளிதில் மறக்காது. புதுக் கம்பி, புது வளையம். இனி ஒரே கம்பியில், ஒரே நேரத்தில், ஒருத்தி நீளம், ஒருத்தி அகலம். ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொண்டு படிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுவது போலத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மாமாவிடம் சொன்னேன். "ஏனம்மிணி, மறுபடியும் மொதல்லிருந்தா?" என்றார். ஆமாம் மாமா. மறுபடியும் முதலிலிருந்து.

ஏப்ரல் 23, வியாழன்

மின்வெட்டு. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. டீசல் வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மண்டபத்துக்குப் போனேன். ஏசி இல்லை. உள்ளே நுழைந்ததும் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி இருந்தது.

தாமரையைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. அதை எழுதிவிட வேண்டும். பன்னிரண்டு இதழ்கள், நுனியில் மட்டும் லேசான சிவப்பு. கம்பிகள் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியவில்லை. மாமா விளக்கைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?"

"நல்லாருக்குதுங் மாமா."

"நல்லாருக்குதில்ல? அப்பறமென்ன? பங்குனியில ஏத்துனது. அசையாம தொங்கிட்டுத்தான இருக்குது?"

"தொங்கறதுதானுங் மாமா பிரச்சினையே. தொங்கத் தொங்கத்தான் ஒடுங்கும்."

"ஒடுங்குனா வளையத்த இன்னொரு சுத்து முடுக்கறது. அதுக்கொரு படிப்பா?"

முடுக்கினால் வளையத்துக்குள் இருக்கும் பகுதியும் அந்த நெருக்கத்துக்கு நாளடைவில் நசுங்கிக் கொடுத்து விலகும். அப்புறம் திரும்ப முடுக்க வேண்டும். முப்பது அடி உயரத்தில் மாதாமாதம் யார் ஏறுவது? சொன்னேன். பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது என்று அதை எடுத்துக் காட்டினார். அட்டையிலும் தாமரை.

டெய்லரிடம் கல்யாண ஜாக்கெட் கொடுத்திருக்கிறேன். அளவு ஜாக்கெட் கிடைத்துவிடும் என்கிறார்.

மே 2, சனி

புதுக் கம்பி ஒழுங்காகப் பேசுகிறது. முப்பத்தைந்தில் ஆரம்பித்தது இப்போது முப்பத்தொன்பது. ஒரு நாளும் பின்வாங்கவில்லை. சரியான அளவு வந்தால் சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை.

மே 6, புதன்

புளிக்குழம்புக்குத் தாளித்துக்கொண்டே அம்மா சொன்னாள், இணைச்சீருக்குச் சிவகாமியைச் சொல்லியிருக்கிறார்களாம். சிவகாமி பெரியம்மா மகள்.

இணைச்சீர் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்குச் செய்வது. கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை அவள் பிடிப்பாள். முகூர்த்தத்துக்கு முன்னால், மணவறையில்.

"உனக்கு வேலை சாஸ்தியா இருக்குமில்ல. அதுக்குத்தான்."

"செரி."

"அதுக்கில்ல கண்ணு. அவ ரெண்டு புள்ள பெத்தவ. பெரியம்மாதான் சொன்னா, அதுதான் பார்க்க நல்லாருக்கும்னு."

"செரின்னுட்டனில்லம்மா."

எனக்கு முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை என்பது பெரியம்மாவுக்கு நன்றாகவே தெரியும். "தம்பிக்காரன் கல்யாணம்னா அக்காளுக்கு மனசு ஒரு மாதிரி இருக்கத்தான செய்யும், அதுதான் அந்தக் கம்பியப் புடிச்சுத் தொங்கீட்டிருக்கறா" என்று அவர் மாமாவிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். மாமா அதை அம்மாவிடம் சொல்லி, அம்மா அதை என்னிடம் சொல்லாமல் மூன்று நாள் வைத்திருந்தாள். ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

குழம்பில் புளி தூக்கல்.

மே 11, திங்கள்

இன்று அது கண்ணுக்கே தெரிந்தது.

டார்ச்சை அடித்துக்கொண்டு வளையத்தின் கீழ் விளிம்பைப் பார்த்தேன். கம்பி வளையத்துக்குள் நுழையும் வாயில், சுற்றிலும் ஒரு வெள்ளிக்கோடு. எஃகை ஒட்டியிருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். விட்டுப்போன இடத்தில் காற்று நுழைந்து வெளிச்சம் பளிச்சிடும். நகத்தின் நுனியளவுக்குக் கம்பி வளையத்தை விட்டுவிட்டது. விட்ட பகுதி சுமையில் பங்கு எடுக்காது. அதனால் அதற்கு மேலே உள்ள பகுதி முழுச் சுமையையும் வாங்கி, அதுவும் ஒடுங்க ஆரம்பிக்கும். பிறகு அதற்கு மேலே. ஜிப் திறப்பது போலக் கீழிருந்து மேலே போகும்.

இன்றைய எண் நாற்பத்திரண்டு.

ரெஜினா டார்ச்சை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சொல்லிரு கோகிலா" என்றாள். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

மே 13, புதன்

சொன்னேன். மாமா வீட்டுக் கூடத்தில், அத்தை காப்பி கொண்டு வருவதற்குள்.

"முடியாதுங் மாமா. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போடமாட்டீன்னா?"

"அது வுழும்."

"என்னைக்கு?"

"அது தெரியாது."

"தெரியாது! எட்டு வருசம் படிச்சு, ஒரு மாசஞ் சோதிச்சு, தெரியாது!" எழுந்துவிட்டார். "உன்ற கையெழுத்து இல்லீன்னா ஊர்ல வேற கையெழுத்தே இல்லைன்னு நெனச்சியா? நாளைக்கே வாங்கறேன் பாரு. நம்ம புள்ள பேரு மொதச் சான்றுல இருக்கட்டும்னுதான் உங்கிட்ட வந்தேன். தம்பி கல்யாணத்த நிறுத்திப்போட்டு என்ன கண்டரப் போற நீ?"

"கல்யாணத்த நான் நிறுத்தலைங் மாமா. தாமரைய எறக்குங்கன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

காப்பி வந்தது. மாமா குடிக்கவில்லை. நான் குடித்தேன். ஆறிப்போனால் அத்தை வருத்தப்படுவாள்.

மே 14, வியாழன்

வாங்கிவிட்டார். வேறு ஊர்க்காரர் ஒருவரிடம். அவர் கம்பியைப் பார்க்கவே இல்லை. அந்த அறிக்கையைப் பார்த்தார்.

மே 16, சனி

புவன் சோதனைக்கூடத்துக்கு வந்தான். இத்தனை வருடத்தில் முதல்முறை. காவலாளியிடம் வழி கேட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நெசமாலுமே கம்பிதானா?"

வெப்ப அறையைத் திறந்து உள்ளே கூட்டிப்போனேன். டார்ச்சை அவன் கையில் கொடுத்து, வளையத்தைக் காட்டினேன். வெள்ளிக்கோடு இப்போது விரலின் அரை அகலம் ஏறியிருக்கிறது.

"இது என்ன?"

"கம்பி வளையத்த வுட்டுட்ட எடம். திங்கக்கெழமை இத்தனூண்டு இருந்துச்சு."

"எப்ப வுழும்?"

"தெரியாது புவன். வுழும். நாள் சொல்ல முடியாது."

"மணவறையில ரெண்டு மணி நேரந்தான் உக்காருவோம். அது வரைக்கும் தாங்காதா?"

"உன்ற ரெண்டு மணி நேரம் ஜூன் நாலாந்தேதி ஆரம்பிக்குது. கம்பிக்குப் பங்குனியிலயே ஆரம்பிச்சாச்சு."

அவனுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் இன்னும் ஏதோ விளக்கப் போனேன். எண், விகிதம், சூடு. அவன் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே வந்தோம். நான் கதவை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். அவன் திரும்பிப் போய் அதை இழுத்துச் சாத்தினான்.

"சூடு போயிருமில்லக்கா" என்றான்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மே 19, செவ்வாய்

அம்மா மூன்று நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். உப்பு, மாத்திரை, பால்காரர்.

மே 24, ஞாயிறு

புவன் மாமாவிடம் போயிருக்கிறான். "தாமரைக்குக் கீழ கம்பம் வெச்சுத் தாங்குங்க மாமா, இல்லீன்னா நான் கோயில்ல தாலி கட்டிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறான். மாமாவுக்கு முதல் கல்யாணம் கைவிட்டுப் போவதைவிடக் கம்பம் மேல். மணவறையின் நான்கு மூலையிலும் இரும்புக் கம்பங்கள் நட்டு, தாமரையின் எடையை அவற்றின் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். நானே போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. இனி அந்தக் கம்பிகள் வெறும் அலங்காரம்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறது. பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, மிதக்கும் தாமரை என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார்களாம். போட்டோக்காரர், எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் ஒரு கம்பம் விழுகிறது என்றாராம். எல்லோருக்கும் மாமா ஒரே பதில் சொல்கிறார்: "எங்கம்மிணி இஞ்சினீரு. அது பயந்துக்குது. இந்த ஒரு முகூர்த்தத்துக்கு மட்டுந்தான்."

இந்த ஒரு முகூர்த்தத்துக்கு மட்டும். சோதனைக்கூடத்துக் கம்பியில் வெள்ளிக்கோடு வளையத்தின் பாதியைத் தாண்டிவிட்டது.

ஜூன் 5, வெள்ளி

நேற்று கல்யாணம் முடிந்தது. கால் வலி.

காலையில் பந்தி நடக்கும் கூடத்தில் இருந்தேன். வாழை இலை கிழிசலாக வந்திருந்தது. இலைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்களுக்கு இலை எண்ணிக் கொடுக்கிற வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கியிருந்தேன். அங்கே இருந்தால் மேடை தெரியாது.

ரெஜினா ஓடிவந்தாள். "ஏட்டி, உன்ன விளிக்காவ. உனக்க தம்பி அனங்க மாட்டேங்குறான், அப்டியே இருக்கான்."

போனேன். சிவகாமி பட்டுக் கட்டித் தயாராக நின்றுகொண்டிருந்தாள். சடங்கு நடத்தும் அருமைக்காரர் கூறைச்சேலையை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். புவன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியம்மா அவனிடம் குனிந்து, "நேரமாவுது சாமி, புடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா வரட்டும்" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சிவகாமி என்னைப் பார்த்து, "நல்லவேளை வந்த. எனக்குக் கைக்கொழந்த அழுவுது" என்று நகர்ந்துகொண்டாள். குழந்தை அழவில்லை. அவளை நான் இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேன் போல.

கையில் இலைத் தண்ணீர். முந்தானையில் துடைத்துக்கொண்டு முனையைப் பிடித்தேன். கூறைச்சேலை நினைத்ததைவிடக் கனம். மறுமுனையை அவன் இழுத்துப் பிடித்திருந்தான், விட்டால் ஓடிவிடுவேன் என்பது போல. சாம்பிராணி அதிகம் போட்டிருந்தார்கள். கண் எரிந்தது. போட்டோவில் எப்படி விழுந்திருக்கிறதோ.

டெய்லர் தைத்த ஜாக்கெட் கையில் இறுக்கம். அளவு ஜாக்கெட் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

பன்னிரண்டாம் தேதி மண்டபத்தில் அடுத்த கல்யாணம். சென்னிமலையில் யாரோ. கம்பங்களைப் புதன்கிழமை எடுக்கப்போகிறார்களாம். மிதக்கும் தாமரை என்று சொல்லித்தான் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மாமாவுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அம்மாவை விட்டுப் பேசச் சொன்னேன். "கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்னன்னு கேக்கறான்" என்றாள். நான் அம்மாவிடமே கேட்டேன்: அந்தச் சென்னிமலைப் பெண்ணுக்கு இஞ்சினியர் அக்கா யாரும் இல்லையே, என்ன செய்யலாம்? அம்மா துணி மடித்தாள்.

ஜூன் 9, செவ்வாய்

மதியம். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இடி விழுந்தது போல ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாணவர்கள் எல்லோரும் வெளியே பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

கம்பி வளையத்திலிருந்து முழுசாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. கட்டைகள் தரையில் சிதறிக் கிடந்தன. ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. கடைசியாக எடுத்த எண் நாற்பத்துமூன்று.

ரெஜினா வாசலில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அஞ்சு நிமிசம் முன்னாடி நான் அங்கதான் குனிஞ்சு நின்னேன்."

மாமாவின் எண்ணுக்கு ஒரே வரி அனுப்பினேன்: விழுந்துவிட்டது, வந்து பாருங்கள்.

ஜூன் 10, புதன்

வந்தார். கம்பம் எடுக்கும் ஆட்களை மண்டபத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் முதல் ஆளாக. எதையும் நகர்த்தாமல் வைத்திருந்தேன்.

கீழே கிடந்த கம்பியை எடுத்துத் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை, கீறல் இல்லை. ஏணியில் ஏறி, வளையத்துக்குள் அதை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. திருகிப் பார்த்தார். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க அழுத்திப் பார்த்தார். முனைகூட உள்ளே போகவில்லை.

"பாரம்மிணி! உள்ளயே போவ மாட்டேங்குது. இத்தன இறுக்கமா இருக்கற கம்பி எப்படிக் கழண்டுச்சு? ஆராச்சும் கழட்டியுட்டாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் பக்கம் போதாது. எடை போனதும் கம்பி கிட்டத்தட்டப் பழைய தடிமனுக்குத் திரும்பிவிட்டது. இந்தச் சூட்டில் ஒரு ராத்திரி அதற்குத் தாராளம். ஏழு வாரம் நான் அளந்த ஒடுக்கத்தில் பெரும்பகுதியை அது காலைக்குள் அழித்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல மாமாவின் கையில் கிடக்கிறது. அதை எப்படிச் சொல்வது? சொன்னேன். எடை இருக்கும்போது ஒடுங்கும் மாமா, எடையை எடுத்தால் திரும்பிவிடும்.

"அப்ப நீ சொல்றதுக்கு அத்தாட்சி?"

நான் வாயைத் திறக்கும் முன் ரெஜினா சொன்னாள்: "அண்ணே, கம்பி பழையபடி ஆயிட்டு. தரை ஆகல. கீழ பாருங்க."

பார்த்தார். கட்டை விழுந்த இடத்தில் இரண்டு டைல்ஸ் தூளாகி, அடியிலிருந்த தளத்தில் ஒரு குழி. ஏணியிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி, குழிக்குள் கையை வைத்தார். கை அடங்கியது.

"எத்தன கிலோ?"

"நாப்பதுங் மாமா."

"எத்தன ஒசரத்துல இருந்து?"

"இடுப்பு ஒசரம்."

அவர் மேலே கூரையைப் பார்த்தார். சோதனைக்கூடத்தின் கூரை தாழ்வானது. ஆனால் அவர் பார்த்தது அதை இல்லை என்று நினைக்கிறேன். உதடு மட்டும் அசைந்தது. பிறகு எழுந்து, கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, "புவன் அன்னைக்கு எந்தப் பக்கம் உக்காந்தான்?" என்று கேட்டார்.

"கெழக்குப் பார்த்துங் மாமா. நடுவுல."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்; படி வரைக்கும் போய்த்தான் கவனித்துத் திருப்பிப் போட்டார்.

ஜூன் 11, வியாழன்

மாமா கம்பங்களை எடுக்கவில்லை. அம்மாதான் சொன்னாள்; நான்கு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் என்னோடு ஒழுங்காகப் பேசினாள். நான்கு கம்பத்துக்கும் தங்க நிறத்தில் பெயிண்ட் அடிக்கிறார்களாம். மேலே யாளி முகம் வைக்கப் பெங்களூர்க்காரரைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறாராம். தாமரைன்னா தண்டு வேண்டாமா, மொதல்லயே கம்பம் வெக்கறதாத்தான் இருந்துச்சு என்று எல்லோரிடமும் சொல்கிறாராம்.

"நீ அதுக்கு ஒண்ணும் சொல்லாத கண்ணு" என்றாள் அம்மா.

நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நாளைக்குச் சென்னிமலைப் பெண் அங்கே உட்கார்ந்து எழுந்து, கம்பம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.